விரல் கணக்கு: மான்செஸ்டரைச் சுற்றி ஏழு நாள்

முதல் நாள்: அன்கோட்ஸ்

தங்கை வீட்டுக் கூடத்தில் பெட்டியை இறக்கி வைத்ததும், “பட்டியலைக் காட்டு அண்ணா” என்றாள். காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “இந்த ஊருக்கு வர்றவங்க எல்லாரும் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தைப் பார்ப்பாங்க. நீ ஒரு கொல்லன் சமாதி, ஒரு பழைய மளிகைக் கடை, ரெண்டு மில்லு... இதுக்கா லீவு போட்டு வந்தே?” என்றாள்.

இதற்குத்தான் வந்தேன். அப்பா முப்பத்திரண்டு வருடம் நூற்பாலையில் இருந்தவர். டாஃபராக, அதாவது நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுகிற ஆளாகச் சேர்ந்து, சைடராக, அதாவது எந்திர வரிசையைக் கவனிக்கிற ஆளாக ஓய்வு பெற்றார். அவருடைய இடது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. மூக்குக்குள் விரலை முழுசாக விட்டுவிட்டது போலக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். மீதி விரல் எங்கே என்று கேட்டால், “மில்லுக்குக் கொடுத்துட்டேன்” என்பார். மில் என்கிற இந்தச் சங்கதி எங்கே முளைத்தது, அதற்குள்ளிருந்தும் அதை எதிர்த்தும் ஜனங்கள் என்னென்ன கிளப்பினார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது வெகுநாள் ஆசை.

சாயங்காலம் அன்கோட்ஸ் பக்கம் நடந்தோம். 1790களின் கடைசியில் எழத் தொடங்கிய மரே ஆலைகள் இன்னும் கால்வாய் ஓரமாக நிற்கின்றன. செங்கல், செங்கல், செங்கல். 1801இல் 75,000 பேர் அளவில் இருந்த மான்செஸ்டர், ஐம்பதே ஆண்டில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும் பகுதியை விழுங்கியவை இந்தப் பேட்டைகள். இப்போது எல்லாம் அடுக்குமாடி வீடுகள், காபிக் கடைகள். உள்ளே யாரோ மடிக்கணினி தட்டிக்கொண்டிருந்தார்கள். கால் வலித்தது. திரும்பிவிட்டோம்.

இரண்டாம் நாள்: ஸ்டயல்

விமான நிலையத்துக்குப் பின்புறம் போலின் ஆற்றுப் பள்ளத்தாக்கில், மரங்களுக்கு நடுவே குவாரி பேங்க் ஆலை. சாமுவேல் கிரெக் 1784இல் கட்டியது. தண்ணீர் விழுகிற இடம் தேடித்தான் அன்றைய ஆலைகள் காட்டுக்குள் போயின. நீராவி வந்த பிறகுதான் ஊருக்குள் நுழைந்தன. பார்க்க ஏதோ மலைவாசத் தலத்து விடுதி மாதிரி அத்தனை அழகு. அந்த அழகே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

உள்ளே ஒரு பெரியவர் ம்யூல் என்கிற நூற்பு எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். ம்யூல் என்றால் கோவேறு கழுதை. ஹார்கிரீவ்ஸின் ‘ஜென்னி’ என்ற கை நூற்பு எந்திரத்தையும் ஆர்க்ரைட்டின் நீர்ச்சக்தி எந்திரத்தையும் கலந்து, 1779இல் போல்டனைச் சேர்ந்த கிராம்ப்டன் உண்டாக்கியது. அதனால் அந்தப் பெயர். ஒரு பெரிய சட்டம் நூற்றுக்கணக்கான கதிர்களைச் சுமந்துகொண்டு நம்மை நோக்கி உருண்டு வருகிறது, நூலை இழுத்து முறுக்குகிறது, அப்புறம் திரும்ப உள்ளே ஓடுகிறது. வரும், போகும். அறுந்த இழையை ஓடுகிற போதே ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு பிள்ளை. அடியில் சேரும் பஞ்சைக் கூட்ட, சட்டம் வந்து மோதுவதற்குள் தவழ்ந்து போய் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு இன்னொரு பிள்ளை, முன்னதைவிடச் சின்னது.

பெரியவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு எல்லோர் கையிலும் கொஞ்சம் பஞ்சுச் சரடு கொடுத்தார். இழையாக்கச் சொன்னார். பக்கத்திலிருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு வரவில்லை. நான் தொடையில் வைத்து விளக்குத் திரி திரிக்கிற மாதிரி ஒரே இழுப்பு. “முன்பே செய்திருக்கிறீர்களா?” என்றார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் செய்வதுதான் என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தேன்.

அந்தக் கோவேறு கழுதைக்கு ஒரு பின்கதை உண்டு. ம்யூலைக் கையால் ஓட்டிய நூற்பாளிகளுக்குத் தனி மவுசு. சங்கம் கூடிக் கூலி கேட்பார்கள், கிடைக்காவிட்டால் நிறுத்துவார்கள். 1820களின் நடுவில் அப்படி ஒரு வேலைநிறுத்தத்தின்போது முதலாளிகள் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் போய், ஆள் தயவில்லாமல் தானே ஓடுகிற ம்யூலைச் செய்து தரக் கேட்டார்கள். செய்து தந்தார். இயந்திரம் வந்ததால் சங்கம் வந்தது என்றுதான் படித்திருக்கிறோம். சங்கம் வந்ததால் வந்த இயந்திரமும் உண்டு.

சற்றுத் தள்ளி, மேட்டில் பயிற்சிப் பிள்ளைகள் விடுதி. 1790இல் கட்டியது. தொண்ணூறு பிள்ளைகள் வரை இருந்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகளே அதிகம். லண்டன் வரையிலுள்ள அநாதை இல்லங்களும் ஏழை விடுதிகளும் ஒப்பந்தம் எழுதி அனுப்பிவைத்த பிள்ளைகள். கட்டிலுக்கு இருவர். கிரெக்கை நல்ல முதலாளி என்றுதான் சொல்கிறார்கள். மருத்துவரை வைத்திருந்தார், எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அதே குடும்பத்துக்கு டொமினிக்கா தீவில் அடிமைகள் உழைத்த தோட்டமும் இருந்தது.

1806இல் இங்கிருந்து இரண்டு பையன்கள் ஓடினார்கள். ஜோசப் செஃப்டனுக்கு வயது 17, தாமஸ் ப்ரீஸ்ட்லிக்கு 13. லண்டன் இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்து பிடிபட்டு, நீதிபதி முன் வாக்குமூலம் கொடுத்தார்கள். அது பதிவாகி இருக்கிறது. ஓடினதற்குக் காரணம் அடியோ பட்டினியோ அல்ல. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். சின்னவன் கூடுதலாக ஒன்று சொன்னான். எந்திரத்துச் சக்கரம் அவன் விரலைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. ஆறு வாரம் வைத்தியம் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா ஞாபகம் வரத் தொடங்கியது.

எந்த விரல் என்றும் சொல்லியிருக்கிறான். இடது கை ஆள்காட்டி விரல்.

விடுதித் தோட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தங்கை போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பயிற்சிப் பிள்ளைகளின் வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று 1802இலேயே சட்டம் இருந்தது. போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 1833 சட்டம் வந்துதான் அரசு சம்பளத்தில் ஆய்வாளர்களைப் போட்டார்கள். நாடு முழுவதற்கும் நான்கே பேர்.

மூன்றாம் நாள்: மார்ஸ்டன்

கொல்லன் சமாதி இங்கே. மான்செஸ்டரிலிருந்து ரயில் மலையைக் குடைந்து ஒரு நீளமான சுரங்கத்துக்குள் போய் யார்க்‌ஷயர் பக்கம் வெளியே வருகிறது. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். குளிரில் நடைமேடையில் நின்றதில் மூக்கு ஒழுகியபடிதான் போய் இறங்கினேன்.

சமாதியில் இருப்பவர் ஈனாக் டெய்லர். சகோதரர் ஜேம்ஸுடன் சேர்ந்து இந்த ஊரில் பட்டறை வைத்திருந்தவர். கம்பளித் துணியின் மேல் எழும்பும் மயிரைச் சீராக வெட்டுகிற எந்திரத்தை அவர்கள் செய்து விற்றார்கள். அதுவரை அந்த வேலையைச் செய்தவர்கள் க்ராப்பர்கள். பிரம்மாண்டமான கத்தரிக்கோல், தூக்குவதே ஒரு கலை. வருடக்கணக்காக அதைப் பிடித்துப் பிடித்து அவர்கள் மணிக்கட்டில் குளம்பு மாதிரி தோல் காய்த்துப்போகும். ஒருவர் க்ராப்பரா இல்லையா என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். நல்ல கூலி, நல்ல மரியாதை. எந்திரம் வந்ததும் இரண்டும் போயின.

1811இல் நாட்டிங்காமில் தொடங்கிய எந்திர உடைப்பு 1812இல் இங்கே பரவியது. லட் என்ற கற்பனைத் தளபதியின் பெயரில் கடிதம் எழுதினார்கள், ராத்திரியில் முகத்தைக் கரியாக்கிக்கொண்டு வந்தார்கள், சம்மட்டியால் எந்திரத்தை உடைத்தார்கள். அந்தச் சம்மட்டியும் டெய்லர் பட்டறைச் சம்மட்டிதான். அதற்கும் பெயர் ஈனாக். “ஈனாக் செய்தான், ஈனாக்கே உடைப்பான்” என்பது அவர்கள் வசனம். சமாதிக் கல்லுக்கு முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

தொடர்ந்து நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. எந்திரம் உடைத்தால் தூக்கு என்று 1812இல் சட்டம் போட்டார்கள். கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் தன் முதல் பேச்சையே அந்த மசோதாவை எதிர்த்துத்தான் பேசினார். பயனில்லை. ஏப்ரல் 28 அன்று இந்த ஊர் ஆலை முதலாளி வில்லியம் ஹார்ஸ்ஃபால், ஹடர்ஸ்ஃபீல்டு சந்தையிலிருந்து குதிரையில் திரும்புகையில் சுடப்பட்டார். அதற்காக ஜார்ஜ் மெல்லர் உட்பட மூன்று பேரை 1813 ஜனவரியில் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். எட்டு நாள் கழித்து அதே இடத்தில் இன்னும் பதினான்கு பேர், ஒரே நாளில்.

இன்று லட்டைட் (லட்டின் ஆள்) என்றால் செல்போன் பிடிக்காத தாத்தா என்று அர்த்தம் ஆகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கத்தரிக்கோலும் கருவிதான். அவர்கள் கண்ணில் பட்ட எல்லாக் கருவியையும் உடைக்கவில்லை, தங்களைக் கேட்காமல் கூலியைக் கீழே இறக்கியதைப் பார்த்து உடைத்தார்கள். கொன்றது சரியா என்று கேட்டால் சரியில்லைதான். ஆனால் அன்றைக்குச் சங்கம் சேர்வதே குற்றம். 1799, 1800 சட்டங்கள் அதைத் தடுத்திருந்தன. வாயை மூடினால் கை பேசும்.

நான்காம் நாள்: நகரத்துக்குள்

ஒரே நாளில் நான்கு இடம். இதைத் தவிர்த்திருக்கலாம்.

காலையில் பீட்டர்லூ நினைவிடம். 1819 ஆகஸ்ட் 16. அறுபதாயிரம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள், சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கொடியும் வாத்தியமுமாக, நல்ல உடுப்பு உடுத்தி, பெண்கள் வெள்ளை அணிந்து, செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்துக்கு நடந்து வந்தார்கள். கேட்டது வாக்குரிமை. அப்போது மான்செஸ்டருக்கு என்று தனியாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினர்கூடக் கிடையாது. குடியே அற்றுப்போன ஓல்டு சேரம் மேட்டுக்கு இரண்டு பேர். பேச்சாளர் ஹென்றி ஹண்ட் மேடை ஏறியதும் நீதிபதிகள் குதிரைப்படையை ஏவினார்கள். பதினெட்டுப் பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கில் காயம். முதலில் செத்தது அம்மா கையிலிருந்து விழுந்த இரண்டு வயதுக் குழந்தை, வில்லியம் ஃபில்ட்ஸ். ஜான் லீஸ் என்ற துணித் தொழிலாளி நான்கு வருடம் முன்பு வாட்டர்லூ போரில் உயிரோடு திரும்பியவர். இங்கே வாங்கிய வெட்டில் இறந்தார். வாட்டர்லூவைக் கிண்டலாக ஒட்டி வைத்த பெயர்தான் பீட்டர்லூ.

நினைவிடம் வட்ட வட்டமாய் ஏறும் கற்படிகள். பக்கவாட்டில் ஊர்ப்பெயர்களும் இறந்தவர்கள் பெயர்களும். மேலே ஏறி யார் வேண்டுமானாலும் பேசலாம் என்பது கருத்து. ஆனால் 2019இல் திறந்தபோது சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏற வழியில்லை என்று பெரிய சர்ச்சை. சம உரிமைக்கான நினைவுச் சின்னத்திலேயே இப்படியா! படியில் இரண்டு பேர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். கூட்டமாக வந்து உட்கார்ந்த ஜனங்களுக்கான இடம்தானே, பொருத்தம்தான்.

செத்தம் நூலகத்தில் வழிகாட்டி கூடவே வருகிறார். 1653இல் ஏற்பட்டது. ஒரு சின்ன மாடத்தில் நாலுபக்க மேசை, வண்ணக் கண்ணாடி ஜன்னல். 1845 கோடையில் மார்க்ஸும் எங்கெல்ஸும் இங்கே உட்கார்ந்து பொருளாதார நூல்களைப் புரட்டினார்கள். எங்கெல்ஸ் 1842இல் இந்த ஊருக்கு வந்தது புரட்சி செய்ய அல்ல, அப்பா பங்குதாரராக இருந்த பருத்தி ஆலையில் வேலை கற்க. பகலில் ஆலைக் கணக்கு, மற்ற நேரம் மேரி பர்ன்ஸ் என்ற அயர்லாந்துத் தொழிலாளிப் பெண்ணோடு சேரிகளைச் சுற்றிப் பார்த்தல். பல வருடம் கழித்து மார்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்த மேசையை நினைவுகூர்கிறார்: வண்ணக் கண்ணாடி இருப்பதால் இங்கே எப்போதும் நல்ல வெயில் நாளாகவே இருக்கிறதாம். வெளியே பார்த்தேன். மழை. மனிதர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அவருடைய சிலை ஒன்று ஹோம் கலையரங்க வாசலில். உக்ரைன் கிராமம் ஒன்றில் வீழ்த்தி, இடுப்போடு இரண்டாக வெட்டிப் போட்டிருந்ததை 2017இல் லாரியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். காலில் அந்த நாட்டுக்காரர்கள் அடித்த நீல மஞ்சள் சாயம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. அழித்துவிடாமல் விட்டது நல்ல காரியம்.

மக்கள் வரலாற்று அருங்காட்சியகம் பழைய நீரேற்று நிலையத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து போன நீரழுத்தம்தான் பஞ்சுப் பொதிகளை அமுக்கியது, ஊர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது, நாடக அரங்கில் திரையும் தூக்கியது. உள்ளே லிவர்பூல் தகரத் தொழிலாளர்களின் 1821 பதாகை. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய தொழிற்சங்கப் பதாகைகளில் ஒன்று. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குனிந்து ஏதோ ஒரு சங்கத்தின் கிழிந்த பட்டுக்கு இழை இழையாய்த் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் பார்த்தேன். ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

ஐந்தாம் நாள்: ராச்டேல், ஓல்டம்

மளிகைக் கடை. டோட் லேன், 31ஆம் எண்.

1844இல் ஃபிளானல் என்ற கம்பளித் துணி நெசவாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தோற்றார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, ஓட்டுரிமை கேட்ட சாசன இயக்கம் ஊர் ஊராய்க் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த மனுவும் தோற்றிருந்தது. 1842 மனுவில் முப்பது லட்சத்துக்கு மேல் கையெழுத்து. மனு கொடுத்தவர்கள் பேச்சைக் கேட்கக்கூட மறுத்துவிட்டார்கள். சரி, கூலியைக் கூட்ட முடியவில்லை, ஓட்டும் கிடைக்கவில்லை, வாங்குகிற மாவிலாவது கலப்படம் இல்லாமல் பார்ப்போம் என்று இருபத்தெட்டுப் பேர் இறங்கினார்கள். வாரம் இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து 28 பவுண்டு. டிசம்பர் 21 அன்று இரவு கடை திறந்தது. சரக்கு: வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி. அந்தக் கடை முகப்பை அப்படியே வைத்திருக்கிறார்கள். பீப்பாய் மேல் பலகை போட்ட மேடை, ஒரு தராசு. ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆளுக்கு இடமில்லை.

திறந்த அன்று டாஃபர் பையன்கள் வாசலில் கூடி, நெசவாளிங்க கடை தொறந்துட்டாங்கடோய் என்று கேலி செய்தார்களாம். டாஃபர்! அப்பாவுக்கு இதைச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். அவரும் பதினான்கு வயதில் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

விதிகள் எளிமை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, பெண்ணுக்கும் உண்டு. லாபம், பங்குக்கு அல்ல, வாங்கிய சரக்குக்கு ஏற்பப் பிரியும். கடன் கிடையாது. உலகம் முழுக்கக் கூட்டுறவுக்காரர்கள் பாடமாகப் படிப்பது இதைத்தான். 1904இல் தொடங்கிய நம் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கமும் இந்த வழியில் வந்ததுதான். டியுசிஎஸ் பையோடு வளர்ந்தவர்கள் இங்கே வந்து ஒரு கும்பிடு போடலாம்.

திரும்பும் டிராம் ஓல்டம் வழி. இறங்கி, பழைய நகர மன்றத்துக்கு எதிரே ஆனி கென்னி சிலையைப் பார்த்தேன். பத்து வயதில் பாதி நாள் பள்ளி, பாதி நாள் ஆலை. அவருக்கும் ஒரு விரல் போயிற்று, ஆலையில். 1905 அக்டோபர் 13 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லிபரல் கட்சிக் கூட்டத்தில் எழுந்து, பெண்களுக்கு ஓட்டு தருவீர்களா என்று கேட்டார். பதில் வரவில்லை, மறுபடி கேட்டார். கூட வந்திருந்த கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டோடு சேர்த்து வெளியே தள்ளினார்கள். சிறைக்குப் போனார்கள். அந்த மண்டபம் எழுப்பியிருந்ததும் பீட்டர்லூ மைதானத்தில்தான்.

சிலையில் விரல்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. ஆட்கள் பார்த்ததால் விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள்: பர்ன்லி

குவீன் ஸ்ட்ரீட் ஆலை. நீராவியால் ஓடிய நெசவாலை, 1982 வரை ஓடியது. இஞ்சினுக்குப் பெயர் ‘பீஸ்’ (சமாதானம்), முதல் உலகப் போர் முடிந்த சமயம் பெயர் மாற்றியது. தறிக்கூடத்தில் முந்நூறு தறி வரிசையாக நிற்கின்றன. சிலதை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். அதற்கே காது பொத்திக்கொண்டது. முந்நூறும் ஓடினால்? நெசவுப் பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்களாம். அதற்கு மீ-மா என்று பெயர். வீட்டுக்குப் போயும் அந்தப் பழக்கம் போகாதாம். அப்பாவும் வீட்டில் கத்தித்தான் பேசுவார். கோபம் என்று நினைத்து நாங்கள் ஒளிந்திருக்கிறோம்.

தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவைக் கையில் கொடுத்தார்கள். கனம். ஓரத்தில் சின்ன ஓட்டை. நூலை அதற்குள் செலுத்த வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ‘நாடாவுக்கு முத்தம்’ என்று அதற்குப் பெயர். ஒரே நாடாவை ஒருவர் மாற்றி ஒருவர். பல் கெட்டது, காசநோய் பரவும் என்ற பயம் வேறு. முத்தமாவது ஒன்றாவது.

லங்காஷயர் நெசவில் பெண்கள் பெரும் எண்ணிக்கை, சங்கத்திலும்தான். 1901இல் ஆலை வாசல் வாசலாய் நின்று வாக்குரிமை மனுவுக்கு 29,000க்கும் மேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு நாடாளுமன்றம் போனார்கள். இவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரி படித்ததாக ஞாபகமில்லை.

ஏழாம் நாள்: டார்வென்

கடைசி நாள். தங்கையும் வந்தாள்.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு புகைபோக்கி, 303 அடி. இத்தாலிய மணிக்கூண்டு மாதிரி அலங்காரம். ஆலையின் பெயர் இந்தியா மில். “நம்ம பேரு போட்டு வச்சிருக்கான் பாரு” என்றாள் தங்கை. எங்கே விற்றார்களோ அந்தப் பேர்.

1931 செப்டம்பர் கடைசியில் காந்தி இங்கே வந்தார். வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்தவரை ஆலைக்காரர்கள் அழைத்தார்கள். உங்கள் அந்நியத் துணி மறுப்பால் எங்கள் ஜனம் எப்படிக் கிடக்கிறது, வந்து பாருங்கள் என்று. ஆலைகள் மூடிக் கிடந்தன. வந்தார், கேட்டார், வருத்தப்பட்டார், ஆனால் இறங்கி வரவில்லை. உங்களிடம் வேலையில்லாதவர் முப்பது லட்சம், எங்களிடம் ஏறத்தாழ முப்பது கோடிப் பேர் ஆண்டில் பாதி நாள் சும்மா இருக்கிறார்கள் என்று கணக்குச் சொன்னார்.

அப்போது எடுத்த படம் எல்லோரும் பார்த்ததுதான். வெள்ளைப் போர்வைக்குள் காந்தி, சுற்றிலும் ஆலைப் பெண்கள், கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். வேலையைக் கெடுத்தவர் என்று கல்லெறிவார்களோ என்று பயந்த இடம். எப்படி அந்தச் சிரிப்பு வந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. போட்டோவுக்குச் சிரித்தது என்று தங்கை சொல்கிறாள். இருக்கலாம்.

ரயிலில் அந்தப் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு வந்தேன். “என்ன அண்ணா தேடறே?” என்றாள். தூக்கிய கைகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். படம் மங்கல். விரலை எண்ண முடியவில்லை.